ஒரே பையில் இரண்டு பட்டியல்

டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே ஜகந்நாதன் போட்டுவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் எட்டரை மணி பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கை அவருடையது. வளைவு வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். எதிரே லாரி வந்தால் தோள் இடப்பக்கம் சாயும். இத்தனைக்கும் நாற்பத்தாறு வயதில் அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை ஏறினார், விழுந்தார், அத்தோடு சரி.

மடியில் தயிர்சாதப் பை, அதன்மேல் விரித்த ஒரு காகிதம். ஓடும் பஸ்ஸில் எழுத வராது என்பதால் வண்டி ஓடும்போது யோசித்து, நிற்கும்போது எழுதுவார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு வரி அடிபட்டு, வேறொரு வரி ஏறும். ராஜபாளையம் வந்து சேரும்போது காகிதத்தில் காலையில் இருந்தது பாதிதான் இருக்கும்.

அது அவர் வாங்கப்போகும் கம்ப்யூட்டருக்கான பட்டியல். பதினான்கு மாதமாக வாங்கப்போகிறார். "கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்கோன்னு கடையிலே கேக்கப்படாது. ஒவ்வொரு சாமானா பொறுக்கிச் சேர்க்கணும். நம்ம கையிலே இருக்கிறது முப்பத்தெட்டாயிரம். அதுக்குள்ளே எது கூடணும், எது குறையணும்னு நாமதான் பார்க்கணும்" என்பார் பக்கத்து இருக்கைக்காரரிடம். அந்த மனிதர் எதையும் கேட்டிருக்கவே மாட்டார்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஜகந்நாதன் பார்சல் அனுப்பும் குமாஸ்தா. ஊர் ஊராக ஆஸ்பத்திரி விலாசங்களைத் துணிக்கட்டின்மேல் முத்து முத்தாக எழுதுவார். கம்பெனியில் அவருக்கு இரண்டு காரியங்களில் பெயர் உண்டு. ஒன்று கையெழுத்து, மற்றொன்று எச்சில். டீயை ஒரு சாண் உயரத்திலிருந்து வாயில் ஊற்றிக்கொள்வார், ஒரு சொட்டு சட்டையில் விழாது. உடன் வேலை பார்க்கும் தனுஷ்கோடி ஒருநாள் அவருடைய பேனாவை இரவல் வாங்கி, மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்க ஜகந்நாதன் கைநீட்டவில்லை. "பேனா உங்களுக்குத்தான் நன்னா எழுதறது, நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, மத்தியானமே கடைக்குப் போய்ப் புதுப் பேனா வாங்கினார்.

இப்படிப்பட்டவரைக் கெடுத்தது ஒரு கீபோர்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரின் கீபோர்டு பழுதாகி, அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஞ்சு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கடை வைத்திருக்கும் தவசிமுத்துவிடம் போனார். பழுது பார்க்கும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று தவசிமுத்து அவரை ஒரு மானிட்டர் முன் உட்காரவைத்து, கார் பந்தய விளையாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். சிவப்புக் கார். நான்கே பொத்தான். பதினோரு நிமிஷத்தில் ஜகந்நாதன் எட்டுச் சுவரில் மோதினார், ஒரு மலையிலிருந்து விழுந்தார், ஒருவரும் அவரைத் திட்டவில்லை. எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இத்தனை மோதினேன், மனுஷாளுக்கு ஒரு சேதம் இல்லே பாருங்கோ" என்று தவசிமுத்துவிடம் இரண்டு தடவை சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வண்டி அவர் சொன்ன பக்கம் திரும்பியிருந்தது. அதை அவரால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து படிப்பு தொடங்கியது. பழைய பேப்பர் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை எடைக்கு வாங்கினார். பிராசசர் செலரானா பென்டியமா, நினைவகம் முப்பத்திரண்டா அறுபத்து நான்கா என்பதெல்லாம் பாசுரம்போல மனப்பாடம். வேகமான பிராசசர் போட்டால் மானிட்டர் சுருங்கும், மானிட்டரைப் பெரிதாக்கினால் ஹார்ட் டிஸ்க் இளைக்கும். "இதைத் தொட்டா அது இடிக்கறது" என்பது அக்காலத்தில் அவர் அதிகமாகச் சொன்ன வாக்கியம். எல்லாம் பொருந்தி வருகிற நாளில் தவசிமுத்து, அடுத்த மாதம் விலை இறங்கும் என்பார். ஜகந்நாதன் காத்திருப்பார். விலையும் இறங்கும். மிச்சமான பணத்துக்கு இன்னும் உயர்ந்த ஒன்றை எழுதுவார், அது கையிருப்பைத் தாண்டிவிடும். மறுபடி காத்திருப்பார்.

இதற்கிடையே அவர் எழுதிக்கொடுத்த பட்டியலைக் கொண்டுபோய் மம்சாபுரத்தில் ஒரு டுடோரியல்காரர் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். சுந்தரபாண்டியத்தில் ஒரு ரைஸ் மில்காரர் வாங்கிவிட்டார். பேனா புகழ் தனுஷ்கோடி, காலையில் யோசனை கேட்டு மாலையில் வாங்கிவிட்டார்.

"சார், கடையில பாதி யாவாரம் உங்க வாயாலதான் நடக்கு. நீங்க எப்போதான் சார் வாங்கப் போறிய?" என்றார் தவசிமுத்து.

"பொறுங்கோ. அவசரப்பட்டு வாங்கிட்டு அப்பறம் வருத்தப்படப்படாது."

"இம்புட்டு நாள் பொறுத்த மனுசன் எங்க ஊர்ப்பக்கமே கெடையாது சார்."

உண்மையில் அவரைப் பிடித்து நிறுத்தியது விலை மட்டுமல்ல. அவருடைய சட்டைப் பையில் ஒரு பட்டியல் அல்ல, இரண்டு இருந்தன.

மனைவி கோதைநாயகி கல்யாணத்துக்கு முன்பே தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். கம்ப்யூட்டருக்கு அவள் சம்மதித்தது ஒரே நிபந்தனையின் பேரில்தான். "கூடவே பிரிண்டர் வாங்கணும். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பசங்க பிராஜெக்ட் எல்லாம் அடிச்சுக் குடுக்கலாம். சும்மா பார்த்துண்டு உட்கார்றதுக்கு முப்பத்தெட்டாயிரமா?" ஆகவே வீட்டுக்கான பட்டியலில் பிரிண்டர் இருந்தது. மற்றொரு பட்டியலில் அது இல்லை. அந்த இடத்தில் எட்டு எம்பி ஏஜிபி கார்டு என்று இருந்தது. விளையாட்டுக் காட்சிகள் திரையில் தடங்கலில்லாமல் ஓடுவதற்கான அட்டை அது. அது இல்லாவிட்டால் கார் பந்தயம் இல்லை. இரண்டையும் வாங்கப் பணம் இல்லை.

அவருடைய திட்டம் எளியது. இரண்டாம் பட்டியலின்படி வாங்கிவிட்டு, "பிரிண்டர் ஸ்டாக் இல்லையாம், அடுத்த மாசம் வருமாம்" என்று வீட்டில் சொல்வது. பொய் பழக்கமில்லாதவர் ஆகையால் ஒத்திகை வேண்டியிருந்தது. அதை பஸ்ஸிலேயே பார்த்துக்கொண்டார். பதினான்கு மாதத்தில் ஒருநாள்கூட அது அவருக்குத் திருப்தியாக வரவில்லை.

பொறுமை இழந்தவள் கோதைநாயகி. ஒரு வியாழக்கிழமை சொல்லிவிட்டாள். "இப்படியே போனா நம்ம அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் கம்ப்யூட்டர் வரும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. லிஸ்டைக் கொண்டுபோய் நாச்சியார் திருவடியிலே வெச்சுடலாம். வெச்சப்பறம் ஒரு எழுத்து மாத்தப்படாது."

அந்த ஊரில் அது வழக்கம்தான். கல்யாணப் பத்திரிகையா, பத்திரமா, பரீட்சை ஹால் டிக்கெட்டா, எதுவானாலும் ஆண்டாள் சந்நிதிக்குப் போய்த் துளசியோடு திரும்பி வரும். ஜகந்நாதனுக்கும் உள்ளூர நிம்மதி. இரண்டாம் பட்டியலை வைத்துவிட்டால் பொய்க்கும் ஒரு பெரிய இடத்துப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் அவர் குளித்து, திருமண் இட்டு, மேல்வேஷ்டி போர்த்தி, வழக்கம்போல இடுப்பில் பேனாவைச் செருகிக்கொண்டு சட்டையைத் தேடும்போது கோதைநாயகி வாசலில் தட்டோடு நின்றாள். "பையிலேருந்து லிஸ்டை எடுத்து வெச்சுட்டேன். கிளம்புங்கோ, நாழியாறது." தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் அடியில் மடித்த காகிதம். இரண்டு பட்டியலுமே கம்பெனியின் பார்சல் ரசீதுத் தாளின் பின்புறத்தில் எழுதியவை, இரண்டும் நாலாக மடித்தவை. எது என்று தெரியவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தேற்றிக்கொண்டு நடந்தார்.

சந்நிதியில் ஹயக்ரீவ பட்டர் காகிதத்தைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன ஸ்வாமி, சீர் வரிசையா? மானிட்டர் பதினாலு இஞ்சு... கீபோர்டு ஒண்ணு... டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒண்ணு..."

பிரிண்டர் என்ற சொல்லில் ஜகந்நாதனின் வலது கால் கருங்கல் தரையை அழுத்தியது. பட்டர் நிற்கவில்லை. பட்டியல் மஞ்சள்காப்பும் துளசியுமாகத் திரும்பி வந்தது.

வேறொருவராக இருந்தால் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு இஷ்டப்படி வாங்கியிருப்பார். ஜகந்நாதனால் முடியவில்லை. நாலு நாள் பஸ்ஸில் சந்து பொந்து தேடினார். எடுக்கத்தான் கூடாது, சேர்க்கலாமே என்று ஒரு வழி தெரிந்தது. சேர்க்கப் பணம் இல்லை. ஐந்தாம் நாள் பட்டியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தவசிமுத்துவிடம் நீட்டினார்.

தவசிமுத்து வீட்டுக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்து சாமான்களை ஒன்றோடொன்று பூட்டினார். கேபினெட்டை மூடும்போது உள்ளே விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த எடம் மட்டும் சும்மா கெடக்கு சார்."

"அங்கே என்ன வரணும்?" என்றாள் கோதைநாயகி.

"ஒண்ணும் வரவேண்டாம். காத்து போறதுக்காக விட்டிருக்கான்" என்றார் ஜகந்நாதன். ஒத்திகை இல்லாமலே வந்த பொய் அது ஒன்றுதான். கோதைநாயகி பிரிண்டர் பெட்டியைப் பிரிக்கப் போனாள்.

அன்று மாலையே பந்தயத்தைப் போட்டுப் பார்த்தார். சிவப்புக் கார் ஓரடி நகர்ந்து நின்றது. யோசித்து இன்னோரடி நகர்ந்தது. மற்ற கார்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, அவருடையது முதல் வளைவுக்கு வந்தபாடில்லை.

"ஏன்னா, ரேஸுன்னேளே. ஆடிப்பூரத் தேர் மாதிரின்னா போறது! வடம் பிடிக்க ஆள் வரணுமா?" என்றாள் அவள். ஜகந்நாதன் சிரித்தார். சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினார். கண்ணீரைத் தண்ணீரில் மறைக்க வேண்டியிருந்தது என்பதை அவரே பின்னால் தவசிமுத்துவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிரிண்டர்தான் ஓடியது. தெருமுனை வரைக்கும் அதன் சத்தம் கேட்டது. காலேஜ் பையன்கள் பிராஜெக்ட்டோடு வந்தார்கள், பெண் வீட்டார் பத்திரிகை வாசகத்தோடு வந்தார்கள். கோதைநாயகியின் விரல்களுக்கு இருபது வருஷத்துப் பசி. ஜகந்நாதன் பக்கத்து நாற்காலியில் பிழை திருத்தினார். வேலை இல்லாத கால்மணி நேரத்தில் சிவப்புக் காரை ஓரடி ஓரடியாக நகர்த்துவார். இரண்டாம் பட்டியல் சட்டைப் பையிலிருந்து எப்போதோ காணாமல் போயிருந்தது. சோப்பு நீரில் கரைந்திருக்கும் என்று விட்டுவிட்டார். தவசிமுத்து கடைக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஏஜிபி கார்டு விலையை வாராவாரம் கேட்டு வந்தார், துக்கம் விசாரிப்பதுபோல.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமான அர்ச்சனை. ஹயக்ரீவ பட்டர் தட்டை வாங்கினார். தேங்காய்க்கு அடியில் மடித்த காகிதம். பிரித்தார். எல்லா வரிக்கும் கோதைநாயகியின் கையால் டிக் போட்டிருந்தது, ஒன்றைத் தவிர.

"ஏஜிபி கார்டு, எட்டு எம்பி. ஒண்ணு" என்று படித்தார் பட்டர்.

ஜகந்நாதன் மனைவியைப் பார்த்தார். அவள் சந்நிதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையைத் துழாவாம எந்தப் பொம்மனாட்டி சட்டையை ஊறப்போடுவா?" என்றாள் தாழ்ந்த குரலில். "ரெண்டும் எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். பிரிண்டர் சம்பாதிச்சுக் குடுத்துடுத்து. காத்து போற இடத்தை அடைச்சுடுங்கோ."

இத்தனை நாள் எல்லாம் தெரிந்துகொண்டே ஒரு சொல் சொல்லாமல் இருந்தவளை நினைத்து அவருக்கு வெட்கமும், அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் வந்தன.

பட்டர் காகிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார். திருவடியில் வைத்துவிட்டால் பிறகு ஒரு எழுத்து மாற்ற முடியாது. அப்போதுதான் ஜகந்நாதனுக்கு, செவ்வாய்க்கிழமை தவசிமுத்து சொன்னது நினைவு வந்தது. பதினாறு எம்பி வருகிறதாம். அது வந்ததும் இரண்டின் விலையும் இறங்குமாம். ஒரு மாதம் பொறுத்தால் போதுமாம்.

"ஸ்வாமி, செத்த இருங்கோ!"

பட்டர் நின்றார். ஜகந்நாதன் எட்டிக் காகிதத்தை வாங்கித் தூணில் வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டார். வலது கையால் இடுப்பிலிருந்த பேனாவை உருவினார். மூடியைக் கழற்ற இன்னொரு கை இல்லை. சந்நிதி வாசலில், பட்டரும் பெண்டாட்டியும் பார்த்திருக்க, மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார்.