தேடினால் வராத பெயர்

போன கிழமை ஒரு கொம்பியூட்டரைத் திருத்தினேன். திருத்தி என்ன கிழித்தேன் என்றுதான் அன்றிலிருந்து யோசனை.

கல்முனையில், சுனாமியில் வீடிழந்தவர்களின் பெயர்களைப் பதிந்து, அந்தப் பதிவின்படி புது வீடு கொடுக்கும் ஒரு ஒபிஸ். தேடும்போது இடைக்கிடை திரையில் பிழை காட்டுகிறதாம். கூப்பிட்டார்கள், போனேன்.

பெயர்களைப் பதிந்து வைக்கும் அட்டவணையான டேபிளில் ஆட்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். கெட்டுப்போயிருந்தது இன்டெக்ஸ். தடித்த புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே... அதுதான். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அது பழுதாகி, உள்ளே இருக்கும் சிலரையே 'இல்லை' என்று காட்டியிருக்கிறது.

பழைய இன்டெக்ஸை அழித்துவிட்டு, டேபிளை வைத்துப் புதிதாகக் கட்டினேன். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இதைச் செய்ய இவ்வளவு காலம் யாருக்கும் தோன்றவில்லையா?

கவுண்டரில் ஒரு பெண் நின்றார். றஹ்மத்தும்மா. கணவரையும் வீட்டையும் கடல் கொண்டு போய்விட்டது. மகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறார். அவருடைய பெயரைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். வந்தது!

"ராத்தா, உங்கட பேர் இரிக்கி!" என்று கத்தியே விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "மகளுக்குப் பேசின மாப்பிள்ள ஊட்டாக்களும் இஞ்ச வந்து கேட்டுப் பாத்தாங்க தம்பி. பேர் இல்ல எண்டு சொல்லிட்டாங்களாம். இப்ப வேற இடத்துல பேசி முடிச்சிட்டாங்க."

நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். வீடு வருமா என்று மாப்பிள்ளை பகுதியார் கொம்பியூட்டரிடமே வந்து விசாரித்திருக்கிறார்கள். அதுவும் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது.

சரி, வீடாவது கிடைக்கட்டும் என்று பார்த்தால், உள்ளேயிருந்து பெரியவர் வந்தார். அந்த ஒபிஸின் பொறுப்பாளர்.

"நேத்து இல்லாத பேர் இண்டைக்கு எப்படி வந்த? ஆர் சேத்த?"

"ஒருத்தரும் சேக்கல்ல, சேர். டேபிள்ல முந்தியும் இத்தின பேர்தான், இப்பயும் இத்தின பேர்தான். தேடுற வழிதான் பழுதாகிக் கிடந்த."

எண்ணிக்கையைக் காட்டினேன். பதிந்த திகதியையும் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"விசாரண முடியுமட்டும் புதிசா வந்த பேர் ஒண்டுக்கும் ஊடு இல்ல."

பிழையாக 'இல்லை' என்று சொன்னபோது கொம்பியூட்டரை அப்படியே நம்பினார்கள். சரியாக 'இருக்கிறது' என்று சொன்னதும் களவு என்கிறார்கள். இவர்களை எந்தக் கட்டளை போட்டுத் திருத்துவது? மனம் விட்டுப் போய்விட்டது.

கேபிள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் றஹ்மத்தும்மா நின்றார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப தம்பி... மாப்பிள்ள ஊட்டாக்கள் வந்து கேக்கக்குள்ளயும் என்ட பேர் உள்ளுக்குத்தான் இரிந்ததா?"

"ஓம் ராத்தா" என்றேன். அந்த ஒரு 'ஓம்' சொல்ல, பொய் சொல்கிறவனைப் போல எனக்கு நாக்குக் கூசியது.