பெரஹரா வந்தால் முன்னறை யாருக்கு?

போன ஞாயிறு என் மனைவியின் தம்பி சுப்பையா கொழும்பிலிருந்து ரயிலேறி வந்தான். அங்கே ஒரு கம்பெனியில் கிளார்க். கண்டி மஹய்யாவயில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சம்பலோடு இடியப்பத்தை ஒரு கை பார்த்துவிட்டுச் சொன்னான் – "கண்டியில இருக்கிறவங்களுக்கு என்ன மச்சான் குறை? வாடகை பாதி, காய்கறி பாதி, காத்து சும்மா."

காற்று சும்மாதான். அந்தக் காற்றுக்குப் போர்த்துகிற கம்பளி சும்மாவா? கொழும்பில் கப்பலை விட்டு இறங்குகிற அரிசி மலையேறி வருகிறதே, அந்த ரயில் கூலியை யார் கொடுக்கிறார்கள்... சுப்பையாவா? இந்த மலிவைச் சொல்லித்தானே கண்டிக்காரனுக்குச் சம்பளத்தைக் குறைத்துப் போடுகிறார்கள்! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இது புரிய அதுவே போதும்.

இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் பார்க்க மூன்று துரைமார் வருகிறார்களாம். பத்து நாளைக்கு முன்னறை வேண்டுமாம்.

வாடகைக்கு இருக்கும் வாசகர்களுக்கு இது புதிதல்ல. பெரஹரா வந்தால் குடியிருக்கிறவன் பின்னறைக்கு ஒதுங்க வேண்டும். வரும்படி வீட்டுக்காரருக்கு. நம் வாடகையில் ஒரு சதம் குறையாது. நானும் நாலு வருஷமாக ஒதுங்கியவன்தான் – வந்தவர்களுக்கு வெந்நீர்கூட வைத்துக் கொடுத்தேன். நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆனால் இந்தத் தடவை மனைவிக்கு மாதம் நிறைந்திருக்கிறது. இன்றோ நாளையோ என்கிறாள் மருத்துவச்சி. பின்னறையில் கூரை ஒழுக்கு, அடுப்புப் புகை. அங்கே பெற்று, தாய்க்கு ஜன்னி கண்டால்? பிள்ளைக்குச் சளி கட்டினால்? தட்டுத்தடுமாறி இதைச் சொன்னேன்.

"பத்து நாள்தானே தம்பி. அட்வான்ஸ் வாங்கிட்டேனே" என்றார். பிறகு சுப்பையாவைக் காட்டினார். "கடுதாசி போட்டு ஏற்பாடு பண்ணினதே இவர்தான். கேளுங்க."

துரைமார் மூவரும் சுப்பையாவின் ஆபீஸ்காரர்கள். கண்டியில் மலிவாக ரூம் எடுத்துத் தருகிறேன் என்று பெருமையடித்திருக்கிறான். வீட்டுக்காரருக்கு வேறு வீடு இருக்கும் என்று நினைத்தானாம். எந்த அறை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"மலிவா கிடைக்குதுன்னு எடுத்தியே தம்பி, அது யாரைக் கிளப்பிவிட்டு வருதுன்னு பார்க்க மாட்டியா?" என்றாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, நான் இந்த அறையிலதான் பெறுவேன். வர்றவங்க வேணும்னா பிள்ளை அழுற சத்தத்தை வெளியில நின்னு கேட்டுட்டுப் போகட்டும்."

அவர் அட்வான்ஸைச் சுப்பையா முன்னால் திருப்பி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சுப்பையா ரூம் தேடி கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை அலைந்தான். சாயந்தரம் வந்து, இந்த ஊரில் பகல் கொள்ளையடிக்கிறார்கள் என்றான். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பேசினால் கை நீண்டிருக்கும்.

அடுத்த மாதம் முதல் வாடகை கூட்டப்படும் என்று நேற்று வீட்டுக்காரரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எப்படிக் கொடுப்பேனோ, தெரியாது. முன்னறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்துவிட்டேன்.