வாதாம் இலைச் சிவப்பு

ராயப்பேட்டையில் ஜட்கா ஓட்டிய கலீமுல்லாவுக்கு நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "குதிரைய பாக்கவே நேரம் சரியா கீது, பொண்ண எங்க பாக்கறது?" என்று சிரிப்பார். நிழல் பார்த்து வண்டி நிறுத்துகிற மனிதர். ஊரில் எந்த மரம் எப்போது பூக்கும், எது எப்போது இலை கொட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

1934, தை மாதக் கடைசி. ஒரு நாள் காலையில் அமீனா பீயும் அவருடைய தங்கை மகள் ஷம்ஷாதும் வண்டியில் ஏறினார்கள். ஷம்ஷாத் பட்டு நூலில் பூவேலை செய்கிறவள். புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒரு கல்யாண முக்காட்டுக்கு அவளுக்குச் சிவப்பு நூல் வேண்டும்.

"ரத்தச் சிவப்பு வேணாம், செங்கல் சிவப்பும் வேணாம். சாயக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. கடை கடையா ஏறி இறங்கியாச்சு" என்று அலுத்துக்கொண்டாள்.

"கடையில எங்கம்மா கிடைக்கும்? மரத்துல கீது, வாங்க!" என்று கலீமுல்லா கடிவாளத்தைச் சுண்டினார். வண்டி மாம்பலம் பார்க்குக்குப் பறந்தது.

அங்கே நாட்டு வாதாம் மரங்கள் உச்சி முதல் அடி வரை சிவந்து நின்றன. குங்குமம், செம்பு, ஆரஞ்சு, மாதுளை என்று ஒரே மரத்தில் நூறு சிவப்பு. ஷம்ஷாத் பர்தாவை விலக்கிக்கொண்டு ஓடினாள். "மானம் போவுது, நில்லுடி!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிய அமீனா பீயும் ஐந்தாவது நிமிஷத்தில் மடி நிறைய இலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"காலா, இதுதான்! இதேதான்!" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டபடி, ஒரு இலையை வெயிலில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஷம்ஷாத் வண்டிக்கு வந்தாள். குதிரை கழுத்தை நீட்டியது. கரக்கென்று ஒரு கடி. காம்பு மட்டும் அவள் கையில் மிச்சம்.

ஷம்ஷாத் காம்பைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு வருஷமாக அவள் அப்படிச் சிரித்து அமீனா பீ பார்த்ததில்லை.

அதே சிவப்பு அங்கே வேறு இலையில் இல்லை. மயிலாப்பூரில் இரண்டு தோட்டம் பார்த்தார்கள். கடைசியில் அடையாற்று ஓரத்தில் ஒரு மரத்தடியில் கிடைத்தது. கலீமுல்லா அதைத் தன் தொப்பிக்குள் பத்திரப்படுத்தி, தலையை ஆட்டாமல் சாயக்காரர் கடை வரை வண்டி ஓட்டினார்.

அதன்பிறகு வாரம் இரண்டு தடவையாவது, "சும்மா, இலை குடுக்க வந்தேன்" என்று அமீனா பீ வீட்டு வாசலில் வந்து நிற்பார். மாசியில் மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. ஒரு நாள் அவர் கையில் பச்சை இலை.

"இது எதுக்கு பாய்?" என்றார் அமீனா பீ.

"பச்சை நூல் எதுனா வேணுமான்னு..." என்று கலீமுல்லா இழுத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஷம்ஷாதின் குரல் வந்தது. "கேக்க வந்தத கேளுங்க!"

கேட்டார். பக்ரீத் கழிந்த மறு வாரமே நிக்காஹ்.

சித்திரையில் சரக்கொன்றை பூத்ததும் கலீமுல்லா ஒரு நாள் முழுக்கச் சவாரி ஏற்றவில்லை. ஷம்ஷாதை முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்து அடையாறு வரைக்கும் ஓட்டினார். மஞ்சள் மரம் ஒவ்வொன்றுக்கும் அவள், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினார். அடையாறு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.