மரை கிடைக்காத கதவு

1973 ஐப்பசி மாதத்து என் நாட்குறிப்பில் பெரும்பாலான பக்கங்கள் ஒரு கார்க் கதவைப் பற்றியவை. நாட்டு நடப்பை எழுதத்தான் அந்த நோட்டை வாங்கினேன். அந்த மாதம் எனக்கு வேறு நடப்பு இருக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன வண்டி அது. மேலே கித்தான் கூரை, கீழே பலகைத் தளம். துறைமுகத்தில் எழுத்தராக இருந்த நான் கல்யாணமான மறுவருஷம் ஆசைப்பட்டு வாங்கினேன். புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கடைத்தெரு வளைவில் திரும்பும்போது, உப்புக்காற்று தின்ற கீல் போல்ட்டுகள் முறிந்து என் மனைவி பக்கத்துக் கதவு தொங்கிவிட்டது. அவள் மடியிலிருந்த கத்தரிக்காய்கள் ரோட்டில் உருண்டன.

அவள் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். ஐப்பசியில் அவளுடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அப்பா விசேஷத்துக்கு இந்தக் கதவு ஆடாம என்னைக் கொண்டுபோய்ச் சேத்தீங்கன்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா நான் பஸ்ல போயிக்கிடுதேன். நீங்க இத வித்துட்டு வாங்க."

முறியாமல் மிஞ்சிய ஒரே போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். இரும்புக்கடை அண்ணாச்சி அதை நட்டு நட்டாக மாட்டிப் பார்த்தார். எதுவும் அதன் திருகு மரையில் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை.

"இது நம்ம ஊரு மரை இல்ல. போகும்போது வெள்ளைக்காரன் மரையையும் கையோட கொண்டு போயிட்டான்."

"வேற எங்கயும் கிடைக்குமா அண்ணாச்சி?"

"இதுக்குப் போயி ஒரு வாரமா அலையுதீங்களே, மரை கழண்டது வண்டிக்குத்தானா?"

லேத் பட்டறையிலும் அந்த மரை வெட்டத் தோதான பல்சக்கரம் இல்லை. கடைசியில், கடற்கரையில் கொழும்புத் தோணி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த ஓடாவியிடம் போனேன். தோணி கட்டும் தச்சரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். போல்ட்டை வாங்கி மோந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு மணலில் போட்டார்.

"மரையே வேண்டாம் சார். செம்பு ஆணி அடிச்சிருவோம்."

கீலையும் கதவைத் தாங்கும் மரத் தூணையும் துளைத்து ஆணியை இறக்கினார். மறுபக்கம் செம்பு வில்லையைக் கோத்து, நுனியை நறுக்கித் தட்டித் தட்டிக் குமிழாக்கினார். எட்டு ஆணிகள். ஒவ்வொன்றின் நீளத்தையும் குறித்துக்கொண்டேன்.

"பின்னால கழத்தணும்னா?" என்றேன்.

"எதுக்குக் கழத்தணும்? கட்டுன தோணிய எவனாவது கழத்துவானா?"

கதவில் தொங்கிப் பார்த்தேன். தூணோடு முளைத்தது போலிருந்தது. ஓடாவிக்கு அதோடு மனம் ஆறவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் போனபோது தளத்துப் பலகை இடுக்கு ஒன்று விடாமல் பஞ்சு திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசி அடைத்திருந்தார். மூலையிலிருந்த இரண்டு சிறு துளைகளையும் விடவில்லை.

"அடியில ஓட்டைய வச்சிக்கிட்டு எப்படி சார் இத்தன நாளா ஓட்டுனீங்க?" என்று கோபித்துக்கொண்டார். "இனிமே கடல்ல தள்ளினாலும் மெதக்கும்."

நானும் மகிழ்ந்து கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

புறப்பட்ட நாள் வெள்ளிக்கிழமை என்கிறது என் குறிப்பு. அவள் இன்றும் வியாழன் என்கிறாள். மழை பெய்தது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. பாதி வழியில் பிடித்துக்கொண்டது. கித்தான் கூரை எப்போதும் ஒழுகும். ஒழுகிய தண்ணீர் பலகை இடுக்கு வழியே எப்போதும் ரோட்டுக்குப் போய்விடும். அன்று அது எங்கும் போகவில்லை. தோணிக்குள் கடல் வராமலிருக்கச் செய்த வேலை, காருக்குள் மழை தங்க வழிசெய்துவிட்டது. தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினேன்.

"ஏங்க."

"ம்."

"கதவு ஆடல."

டிபன் கேரியரின் மேல்தட்டைக் கழற்றித் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே வீச ஆரம்பித்தாள்.

அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது சொந்தக்காரர்கள் குடையோடு ஓடிவந்தார்கள். அவளுடைய சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, மீன் பிடிச்சிக்கிட்டே வாரீகளா?"

கூட்டம் சிரித்தது. அவள் புடவையை உதறிக்கொண்டு இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினாள். எட்டு ஆணியும் அசையவில்லை.

"சிரிக்கது இருக்கட்டும் சித்தப்பா. இப்படிச் சாத்துத மாதிரி ஒரு கதவு நம்ம ஊரு டாக்டர் கார்ல இருக்கா, பாத்துட்டு வந்து சொல்லுங்க."

விசேஷம் முடிந்த மறுநாள் காலை அவளைக் காணோம் என்று தேடினேன். வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் அப்பாவின் துளையூசி. தளத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளமான இடமாகப் பார்த்துத் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத?"

"மடை வைக்கேன். தண்ணி போக வழி இல்லாம ஒரு வயல் உண்டுமா? உங்க ஓடாவிக்குத்தான் தெரியல, உங்களுக்குமா தெரியல?"

"அப்ப, விக்க வேண்டாமா?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த மரத்தூள ஊதுங்க," என்றாள்.