லூர்தக்காவின் பதினான்கு வருடங்கள்

செய்தி வந்தபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். லூர்தக்காவின் மகள் ஜெனிஃபர் பேசினாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலைல அப்பா எழுப்பியிருக்காரு. எழுந்திருக்கல." குரலில் அழுகை இல்லை. அது இனிமேல்தான் வரும் என்று தோன்றியது. "இதோ வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கீரையை அப்படியே போட்டுவிட்டு மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகருக்கு ஆட்டோ பிடித்தேன்.

சாயங்காலம் கோயிலில் பூசை முடிந்து, கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பினோம். கூட நடந்து வந்த அக்காவின் உறவுக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "தினம் மாத்திரை, தினம் வாக்கிங். வாயக் கட்டி வயித்தக் கட்டி இருந்தாங்க. இன்னா பிரயோஜனம்? கடைசில ஹார்ட்டுலதான போனாங்க. நானும் இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திடலாம்னு இருக்கேன்." சுற்றி இருந்தவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவர் சமையலைச் சாப்பிட்டுப் படித்த மாணவிகள், காலை பஸ்ஸில் எங்களோடு வந்தவர்கள், உங்களில் பலருக்கு அவர் கதையில் பாதிதான் தெரியும்.

அண்ணாமலை நகரில் ஒரு தனியார் மாணவியர் விடுதி. அங்கே லூர்து மேரி சமையல் பொறுப்பாளர், நான் அலுவலகத்தில் கிளார்க். இரண்டு பேருக்கும் வீடு கடலூர். நான் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொள்வேன். முதுநகரில் அவர் ஏறி, பையை என் மடியில் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருவார். என்னைவிட நாலு வயது பெரியவர். நாற்பத்தைந்து வயதிலிருந்தே அவருக்குச் சர்க்கரை. சமையல்காரருக்குச் சர்க்கரை வந்தால் என்ன கஷ்டம் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இருநூறு பேருக்குச் செய்வதை ருசி பார்க்காமல் இறக்க முடியாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைப்பார், அவ்வளவுதான். பாயசத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். பின்னாளில் எனக்கும் சர்க்கரை வந்தபோது, "போச்சு போ. இனிமே பாயசத்த வார்டன்தான் பாக்கணும்" என்று சிரித்தார்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது நடந்த சமயம். ஒருநாள் காலை முதுநகரில் ஏறியவர் என் பையைத் தூக்கி மடியில் போடக்கூட இல்லை, நான்தான் எடுத்து இடம் விட்டேன். முகமெல்லாம் வியர்வை. "கடவாப் பல்லு வலிக்குதுடி வசந்தி. நேத்துலேருந்தே தாடையெல்லாம் இழுக்குது" என்றார். பல் டாக்டரிடம் போகலாம் என்று நானும் சாதாரணமாகச் சொன்னேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது இடது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. "பல்லு வலிக்கு இப்படி வேர்க்குமா?" என்று என்னையே கேட்டார். நான் எழுந்து கண்டக்டரிடம் ஓடினேன். அவர் என்னை ஒரு பார்வை, அக்காவை ஒரு பார்வை பார்த்தார். டிரைவரிடம் போய், "அண்ணே, ஸ்டாப்பிங் எங்கயும் போடாதீங்க. நேரா சிதம்பரம் ஆஸ்பத்திரி" என்றார். வழியில் இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவருக்காக உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மாரடைப்புதான். சர்க்கரை இருப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சு வலி நெஞ்சிலேயே வரவேண்டும் என்று கட்டாயமில்லை என்று டாக்டர் சொன்னார். தகவல் தெரிந்து அக்காவின் கணவர் ஆரோக்கியசாமி ஓடி வந்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டதற்கு, "சக்கரை மாத்திரை மட்டும்தான் டாக்டர். ஒரு வேளை தவறுனதில்ல" என்றார் அவர்.

கட்டிலில் படுத்திருந்த அக்கா தலையை அசைத்தார். "இல்ல டாக்டர். கொலஸ்ட்ராலுக்கும் எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு அட்டை போட்டுட்டு நிறுத்திட்டேன். இவருக்குத் தெரியாது."

ஆரோக்கியசாமி அண்ணன் திரும்பி அக்காவைப் பார்த்தார். டாக்டர் கோபப்படவில்லை. "ஏம்மா நிறுத்துனீங்க?" என்றார்.

"சக்கரைதான் கன்ட்ரோல்ல இருக்கே, கொலஸ்ட்ராலும் ஜாஸ்தி இல்லன்னாங்களே, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"சக்கரை இருக்கறவங்களுக்கு ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள சீக்கிரம் கெடும்மா. மத்தவங்களுக்குத் தாங்குற கொழுப்பு உங்களுக்குத் தாங்காது. அதனாலதான் நம்பர் கொஞ்சமா இருந்தாலும் குடுக்கறோம்" என்றார் டாக்டர். அன்றே புதுச்சேரிக்கு அனுப்பி, அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். முதல் வேலையாக, பூரி பொரித்த எண்ணெயை அடுத்த நாளைக்கு எடுத்து வைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். வனஸ்பதி டின் சமையலறைக்குள் வருவது நின்றது. ஞாயிறுதோறும் இருந்த பூரி மாதத்துக்கு ஒருமுறை ஆயிற்று. மாணவிகள் கையெழுத்து வாங்கி வார்டனிடம் மனு கொடுத்துவிட்டார்கள். லூர்தக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து நின்றார்.

"நான் ஹார்ட் அட்டாக் வந்து பொழச்சு வந்தவ. கருகுன எண்ணெய மறுபடி சட்டில ஊத்த எனக்குக் கை வரல. பூரி உண்டு, புது எண்ணெயில, மாசத்துக்கு ஒரு வாட்டி. மத்த வாரம் சப்பாத்தியும் கொண்டக்கடலக் குழம்பும். நல்லா இல்லன்னா என்கிட்ட சொல்லுங்க, வார்டன்கிட்ட வேணாம்." பெண்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சிலர் ஞாயிறு இரவு வெளியே பரோட்டா கடைக்குப் போனார்கள். அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை.

வீட்டிலும் தனக்கென்று பத்தியச் சமையல் செய்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் ஒரே உலைதான். தட்டில் சோறு பாதியாகி, கீரையும் பொரியலும் இடத்தை அடைத்துக்கொண்டன. வறுத்த மீன் குழம்பு மீன் ஆயிற்று. மத்தி வந்த நாளில் வஞ்சிரத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார். மாதத்துக்கு இவ்வளவுதான் எண்ணெய் என்று வைத்துக்கொண்டு, தீர்ந்தால் மீதி நாளைக்கு ஆவியில் வேகவைத்தது. "சாப்பாடு பாதி வேலையச் செய்யும், மாத்திரை மீதிய செய்யும். அதோட வேலைய இது செய்யாது, இதோட வேலைய அது செய்யாது" என்பார்.

அடுத்த இரண்டு வருடத்தில் எனக்கும் சர்க்கரை வந்தது, கூடவே கொலஸ்ட்ரால் மாத்திரையும் வந்தது. இவ்வளவையும் பக்கத்தில் இருந்து பார்த்த நான் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்று மாதம் போட்டேன். தொடை இரண்டும் கடுத்தது, மாடிப்படி ஏற முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. இந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கும், தசையைத் தின்னும், பூண்டும் எலுமிச்சையும் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்றார் ஒருவர். எனக்கு அது தேவையாக இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டுத் தண்ணீர் குடித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் நான் சில்லறை தேடி என் பையைக் குடைந்தபோது, பிரிக்காத இரண்டு மாத்திரை அட்டைகள் அவர் மடியில் விழுந்தன. சுற்றியிருந்த மருந்துக்கடை ரசீதில் தேதியைப் பார்த்தார். "நிறுத்திட்டியா?" என்றார், மெதுவாகத்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "உங்க வேலையப் பாருங்கக்கா. என் உடம்பு எனக்குத் தெரியும்" என்று பக்கத்து சீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அட்டைகளை என் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம் பத்து நாள் நாங்கள் பேசவில்லை. ஆனாலும் தினமும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

பதினோராவது நாள் முட்லூர் பக்கம் பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். அங்கேதான் அவர் எனக்கு அந்த மீதிப் பாதியைச் சொன்னார்.

"சக்கரை கன்ட்ரோல்ல இருந்துச்சு, அதனால நிறுத்துனேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன் பாரு, அது முழுசா நிஜம் இல்லடி. அப்ப ஜெனிஃபருக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம். வர்றவங்க கண்ணுல மாத்திரை பட்டா, அம்மாவுக்கு இவ்ளோ வியாதி, பொண்ணுக்கும் வரும்னு போயிடுவாங்களோன்னு பயம். சக்கரை மாத்திரை ஊருக்கே தெரியும், அத மறைக்க முடியாது. இத அரிசி டிரம்முல போட்டு மூடுனேன். மூடுனது மூடுனதுதான், எடுக்கவே இல்ல."

கீழே கிடந்த புளியம்பழ ஓட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு மேலே சொன்னார்.

"இதுல கூத்து என்னன்னா, நான் ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும், நிச்சயம் ஆயிருந்த மாப்பிள்ளையோட அம்மா பாக்க வந்தாங்க. போச்சு, சம்பந்தம் வேணாம்னு சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன். என் தலமாட்டுல இருந்த அட்டைய எடுத்துப் பாத்துட்டு, தன் கைப்பையத் தொறந்து காட்டுறாங்க. அதே மாத்திரை! 'நான் ஆறு வருஷமா போடறேன், இதுக்கா ஒளிச்சு வெச்சீங்க'ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல."

பஸ் கிளம்பத் தயாரானது. ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உனக்குக் கால் வலிக்குதுன்னா அது நிஜந்தான். மாத்திரைய நிறுத்துனதும் நிஜந்தான். ரெண்டையும் ஒண்ணா டாக்டர்கிட்ட சொல்லு. நான் கூட வர்றேன்."

சனிக்கிழமை கூடவே வந்தார். டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் தொடைக் கடுப்பு போய்விட்டது. இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொல்லப் பயந்து அரை வருடத்தைப் பூண்டுத் தண்ணீரில் கழித்திருக்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். எனக்காகச் சுண்டல் செய்து வைத்திருந்தார். "பயமா இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ராத்திரியில கொஞ்சம் இருக்கு" என்றார். "பகல்ல இல்ல. அந்தப் பஸ்ஸுலயே போயிருக்க வேண்டியவ. ஜெனிஃபர் கல்யாணத்துல அடுப்புப் பக்கம் நின்னு நானே பிரியாணி போட்டேன். ரெண்டு பேரப் புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் பாத்தேன். இவரு கூட சில்வர் பீச்சுல நடந்தேன். கல்யாணமான புதுசுல கூட அவ்ளோ நடந்ததில்ல." வாசலில் இருந்த அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கல்லறையில் அந்த உறவுக்காரர் கேட்டதற்கு என் பதில் இதுதான். மாத்திரை போட்டால் சாவு வராது என்று லூர்தக்கா ஒருநாளும் சொன்னதில்லை, எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஐம்பத்து நாலில் போயிருக்க வேண்டியவர் அறுபத்தெட்டு வரை இருந்தார். அந்தப் பதினான்கு வருடத்தில் மாத்திரை கொடுத்தது எவ்வளவு, ஸ்டென்ட் கொடுத்தது எவ்வளவு, கீரையும் நடையும் கொடுத்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் சும்மா இருந்து அந்த வருடங்கள் வரவில்லை. ஐயா, உங்கள் மாத்திரையை நிறுத்துவதற்கு அவரைக் காரணமாகச் சொல்லாதீர்கள். ஏதாவது தொந்தரவு இருந்தால் உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

நினைவாக ஒரு புடவை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஜெனிஃபர். வேண்டாம் என்றேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. யாருக்காவது புத்தி சொல்வதற்கு முன்னால் தன் தப்பைச் சொல்லித் தொடங்குவார். அதை வைத்துக்கொண்டேன்.

போன வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் ரத்தப் பரிசோதனைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். "ஏங்க, இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா கால் வலிக்குமாமே, நிஜமா?" என்று கேட்டாள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்தவரை அனுப்பச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"எனக்கு வலிச்சுதும்மா. யார்கிட்டயும் சொல்லாம நானே நிறுத்திட்டேன்" என்று ஆரம்பித்தேன்.