பக்கத்து இருக்கையின் பிரேக்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதுதான் அவளுடைய இடம். ஊரில் பாதிப் பேரைச் சுவரில் மோதாமல் காப்பாற்றிய கால் அவளுடையது. என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. மகன் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவளின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். அவன் முகம் வாடினாலும் மிதிப்பாள். தரைக்கு ஏது பிரேக், சொல்லுங்கள்!

அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பையனுக்கு இருபத்தொரு வயது. மனசு ஏறினால் ஒரே ஏற்றம், இறங்கினால் ஒரே இறக்கம்; அதற்குத்தான் மாத்திரை. போன தடவை மாத்திரையை அவனாகவே நிறுத்திவிட்டு, வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றித் தெருவில் போகிறவர் வருகிறவருக்கு இனாமாகக் கொடுத்துவிட்டான். அவர்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள், வெட்கம் கெட்டவர்கள்! அப்புறம் கட்டிலை விட்டு எழவே இல்லை. வாசலுக்கு மட்டும் புதுக் கதவு போட்டோம். குளியலறைக்கு இன்றுவரை திரைச்சீலைதான். அதே வீட்டில் இருக்கும் நான் உள்ளே போனால், ஆள் இருப்பது தெரியப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த முறை டாக்டர் மாத்திரையை மாற்றினார். சில நாளில் பையன் சாப்பாட்டு மேசையைச் சுற்ற ஆரம்பித்தான். உட்காருவான், எழுவான், சுற்றுவான். அவனோடு பேச வேண்டுமென்றால் நானும் தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும்.

"மனசு அமைதியாத்தாம்மா இருக்கு. காலுதான் கேக்க மாட்டேங்குது."

"போன தடவையும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னே," என்றாள் அக்கா. உடனே போய் ஸ்குரூ டிரைவரை ஒளித்துவைத்தாள்.

இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்துவிட்டு அவன் அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டான். என்னிடம் மட்டும், "மாமா, இன்னிக்கு எல்லா மாத்திரையையும் டாய்லெட்ல கொட்டிடப் போறேன்," என்றான். அக்காவை விரட்டி, டாக்டரிடம் கிளம்ப வைத்தேன்.

இருந்த ஒரே வண்டி பயிற்சிக் கார். அக்கா ஓட்டினாள், நான் பின்னால். பையன் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தான். புத்திசாலிகள் இரண்டு பேர் கூட இருந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தெருவைத் தாண்டுவதற்குள் கார் குலுங்கி நின்றது. கிளம்பியது. மறுபடி நின்றது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யம்மா, மொதல்ல ஓட்டக் கத்துக்கிட்டு ரோட்டுக்கு வா!" என்றார்.

"கத்துக்குடுக்கிறவளே நான்தான்யா!" என்று கத்தினாள் அக்கா. அவர் கார்மேல் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கே மானம் போயிற்று.

"காலை எடுடா!"

"எடுக்க முடியலம்மா! அதைத்தானே சொல்லிட்டே இருக்கேன். நீதான் கேக்கலை."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். கதவு கழற்றிய நாளில் கண்ணில் இருந்த பளபளப்பு இப்போது இல்லை. முகம் அவனுடைய முகம்தான். கால்கள் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தன. அக்கா காரை ஓரங்கட்டினாள்.

"அடப்பாவி, நிஜமாவே காலுதானா?"

அவன் தலையாட்டினான். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. அவனைப் பின்னால் அனுப்பிவிட்டு நான் முன்னால் வந்து, இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் அக்கா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். "நீயே சொல்லுடா," என்றாள்.

அவன் சொன்னான். "இது மாத்திரை பண்ற வேலைதான். நீங்களா நிறுத்தாம வந்தீங்களே, அது நல்லது," என்று சொல்லி டாக்டர் வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கால்கள் மெல்ல அடங்கின. மாத்திரையும் டாய்லெட்டுக்குப் போகவில்லை.

போன வாரம் நான் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தேன். வெளியே பையன் விழுந்து விழுந்து சிரித்தான். திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். அக்காவின் வலது கால் மிதிக்கத் தூக்கிய நிலையில் தரைக்குமேல் நின்றது.

"டேய், சிரிக்கிறது நீயா, மாத்திரையா?"

"நான்தாம்மா. மாமா பாடுறாரு, கேக்கலையா?"

அக்கா அந்தக் காலை மடித்து நாற்காலிமேல் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இன்னொரு பாட்டுப் பாடுடா," என்றாள்.