தங்கச்சியின் இரண்டு பெயர்கள்

அமெரிக்காவில் என் தங்கச்சி போட்ட வாக்குச் சீட்டு ஒன்று சில நாட்கள் ஓர் உறைக்குள் கிடந்தது. அதை எண்ணுவதா ஒதுக்குவதா என்று அங்கே ஓர் அலுவலகம் முடிவெடுக்கும்வரை நான் இங்கே டென்மார்க்கில், வைலே என்ற ஊரில் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. டோஸ்ட்ருப்பில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, அமைதியாய் இருங்கள் என்று டேனிஷில் சொல்லிவிட்டு, "அது உங்கட எலெக்‌ஷன்கூட இல்லையே அப்பா" என்றாள். உண்மைதான்.

நாங்கள் ஏழு பிள்ளைகள். மிச்சம் இருப்பது நானும் கடைசித் தங்கச்சியும். எனக்கு எழுபத்தெட்டு, அவளுக்கு எழுபத்தொன்று. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து, பிறகு கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, மனைவி காலமானபின் ரயில் வசதிக்காக வைலேக்கு வந்தவன். ரயில் ஏறுவது வருடத்தில் நாலு தரம். தங்கச்சி கணவனோடு அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊரில் குடியேறினாள். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. ஒரே மகன் நாட்டின் மற்றக் கரையில். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் கதைப்போம். எனக்குப் பின்னேரம் ஐந்து, அவளுக்குக் காலை பத்து. என் வாரத்தில் நான் தமிழில் வாய் திறப்பது பெரும்பாலும் அந்த ஒரு மணித்தியாலம்தான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இரவுச் சாப்பாட்டுக்குப் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது அவளுடைய அழைப்பு வந்தது. ஞாயிறு அல்லாத நாளில் வரும் அழைப்பென்றால் எங்கள் வயதில் ஒரே அர்த்தம்தான்.

"ஆருக்கு என்ன?" என்றேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. நான் வோட் போடப் போனனான். போட விட்டவை. ஆனா பெட்டிக்குள்ள போட விடேல்லை."

அமெரிக்காவில் பெரிய தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்க ஒரு முன்தேர்தல் நடக்கும். அதற்குத்தான் போயிருந்தாள். கணவன் இருந்த காலத்தில் இருவரும் வீட்டிலிருந்தே தபாலில் வாக்களித்தார்கள். உறை ஒட்டுவது, முத்திரை ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. இப்போது முதல் தடவையாகத் தனியே, நேரில் போனாள்.

"முதல்ல எந்தக் கட்சிச் சீட்டு வேணும் எண்டு கேட்டவை. பின்னுக்கு வரிசையில எங்கட தெருச் சனம் நிக்குது."

"நீ சொன்னியா?"

"சொல்லாட்டிச் சீட்டுத் தரமாட்டினமே."

எனக்கு அது தாங்கவில்லை. இங்கே எங்கள் கட்சியில் நான் சந்தா கட்டும் உறுப்பினன். தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடி வேலைக்குக் கட்சி என் பெயரையும் கொடுக்கும். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் இருந்து வாக்காளரைப் பதிவில் சரிபார்ப்பேன், இரவு சீட்டுகளை எண்ணுவேன். யார் எந்தக் கட்சி என்று மூச்சு விடுவதுகூட அங்கே பிழை. வேட்பாளரைத் தெரிவு செய்வது கட்சியின் சொந்த வேலை, அதைக் கூட்டம் போட்டு உறுப்பினர்கள் செய்யவேண்டும், தெருவில் போகிறவன் எல்லாம் வந்து கட்சிக்கு ஆள் தெரிவு செய்வது என்ன நியாயம் என்று அவளிடம் பல ஞாயிறுகள் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் சொன்னேன்.

"உங்கட கூட்டத்துக்கு எத்தினை பேர் வந்தவை?"

"பத்தொன்பது."

"கோப்பி ஊத்தின ஆளையும் சேர்த்தோ?"

"சேர்த்து."

"அப்ப பதினெட்டுப் பேர் உங்கட ஊருக்கு ஆளை எடுத்திருக்கினம். இஞ்சை நான் அந்தக் கட்சியே இல்லை. ஆனா இந்தப் பக்கம் அதில வெல்லுற ஆள்தான் நவம்பரிலயும் வெல்லும். இண்டைக்குப் போடாட்டி நான் போடாத மாதிரித்தான். அதுக்காக விரும்பாத கட்சியின்ர பேரை எல்லாருக்கும் முன்னால வாயால சொன்னனான். அதுக்குப் பிறகும் விடேல்லை."

விடாததற்குக் காரணம் அவளுடைய அடையாள அட்டை. இந்த விஷயத்திலும் எங்களுக்குள் பழைய சண்டை. அட்டை கேட்பதில் என்ன பிழை, வாக்களிக்க வருகிறவன் தான் யார் என்று காட்டத்தானே வேண்டும் என்பது என் வாதம். "உங்களுக்கு வோட் அட்டை கதவடிக்கு வருது அண்ணை, கொம்யூன் உங்களை எண்ணி வைச்சிருக்கு, இஞ்சை என்னை நான்தான் எண்ண வைக்கோணும்" என்பது அவளுடைய வாதம். அவள் சொல்வதிலும் கணக்கு இருந்தது. டென்மார்க்கில் நான் எங்கும் போய் வாக்காளனாகப் பதிந்ததில்லை. கொம்யூன் என்கிற நகரசபையின் பதிவேட்டில் இருக்கிறேன், அதனால் அட்டை வருகிறது. மேசையில் கொடுத்துப் பிறந்த தேதியைச் சொன்னால் முடிந்தது.

அவளுடைய சிக்கல் எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடியது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளைக்கு அப்பாவின் பெயர் ஒட்டும். பெண் கலியாணம் செய்தால், ஒருவரும் ஒரு கடதாசியிலும் எழுதாமலே, கணவனின் சொந்தப் பெயர் வந்து ஒட்டும். அமெரிக்கக் குடியுரிமை எடுத்த நாளில் தங்கச்சியிடம் இருந்த கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர். வாக்காளர் பதிவிலும் அதுவே ஏறிவிட்டது. பிறகு சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தபோது கணவனின் பெயரைக் கொடுத்தாள். வீடு, வங்கி, ஓய்வூதியம் எல்லாம் அப்படியே. கடவுச்சீட்டு காலாவதியாகி வருடங்கள். மேசைப் பெண் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தாள், பதிவைப் பார்த்தாள். இரண்டிலும் கடைசிப் பெயர் வேறு. தற்காலிகமாக ஒரு சீட்டுத் தந்து, அதை உறையில் போட்டு, மேலே காரணம் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் தேர்தல் அலுவலகத்துக்குப் போய் இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று காட்டினால் உறையைப் பிரிப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை.

"கலியாணப் பத்திரத்தைக் கொண்டு போ," என்றேன். "அதோட முடிஞ்சுது."

வியாழக்கிழமை போனாள். நான் தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன், தண்ணீர்க் கரையோரம் நடந்தேன், திரும்பி வந்தேன். பின்னேரம் எடுத்தாள்.

"அண்ணை, அந்தப் பத்திரத்தால இன்னும் பிழைச்சுப் போச்சு."

"என்னெண்டு?"

"அங்கை இருந்த மனுசன் நல்ல மனுசன். கண்ணாடியைப் போட்டு, மொழிபெயர்ப்பை வடிவா வாசிச்சவர். வாசிச்சுப்போட்டுக் கேக்கிறார், உங்கட கணவற்ற கடைசிப் பேர் இதெல்லோ, உங்கட அட்டையில இருக்கிறது அவற்ற முதல் பேர், ஒரு பெண் ஏன் கணவன்ர முதல் பேரைக் கடைசியில போடுறா எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"எங்கட ஊரில எல்லாரும் அப்பிடித்தான் எண்டன். எந்தச் சட்டத்தில எண்டு கேட்டார்."

அவளுடைய கணவனுக்கும் கடைசியில் அவருடைய அப்பாவின் பெயர்தான். ஆகவே அமெரிக்கக் கடதாசிகளின்படி நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த அந்த இருவருக்கும் பொதுவாக ஒரு குடும்பப் பெயர்கூட இல்லை. பெயர் மாற்றியதற்கு அத்தாட்சி எங்கே என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். மாற்றினால்தானே அத்தாட்சி.

கடைசியாக அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். அந்த மாவட்டத்து வாக்காளர் ஒருவர் வந்து, இரண்டு பெயரிலும் இவரை எனக்குத் தெரியும் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் ஏற்கலாம்.

"ஒரு ஆள்தானே," என்றேன். "அந்தத் தெருவில இருபத்தைஞ்சு வருசமா இருக்கிறாய்."

அவள் தெரு வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "பக்கத்து வீட்டு மனுசிக்கு என்னை இவற்ற பேரில தெரியும்," என்றாள். "தேவாலயத்துப் பக்கம் இருக்கிற டொக்டருக்கும் இவற்ற பேரில. அப்பான்ர பேர் ஆருக்குத் தெரியும்? முந்தி இரண்டு தமிழ்க் குடும்பம் இருந்தது. இரண்டும் பெரிய நகரத்துக்குப் போட்டுது."

"யோசிச்சுப் பார்."

"யோசிச்சுப் பாத்திட்டன். நீங்கள் மட்டும்தான் அண்ணை."

சில வருடங்களுக்கு முன் என் மேசைக்கு ஒரு வயதான டேனிஷ்காரர் அட்டையை மறந்துவிட்டு வந்தார். சட்டைப் பைகளை எல்லாம் தட்டிப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, இவரோடு நான் ஒரே வகுப்பில் படித்தவள், இவர் அப்போதும் எல்லாவற்றையும் மறப்பார் என்றாள். மண்டபமே சிரித்தது. அந்த மனிதர் பிறந்த தேதியைச் சொன்னார், நான் பதிவில் அடையாளமிட்டேன், அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். அன்று அதை நான் ஒரு விதியாகத்தான் பார்த்தேன். வியாழன் பின்னேரம் அது, சிறுவயதிலிருந்து தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிற வசதியாகத் தெரிந்தது.

வெள்ளி காலை கொம்யூனின் மக்கள் சேவைப் பகுதிக்குப் போனேன். சத்தியக் கடதாசி ஒன்று இங்கே செய்து மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று கேட்கத்தான். நான் அந்த மாவட்டத்து வாக்காளன் இல்லை என்று தெரியும். தெரிந்தும் போனேன். இலக்கம் எடுத்துக் காத்திருந்தேன், எனக்கு முன்னால் ஆறு பேர். மேசையில் இருந்த இளம் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்கள் தங்கைக்கு டேனிஷ் பதிவு இலக்கம் இருக்கிறதா?"

"இல்லை. அவர் இங்கே வந்ததே இல்லை."

"அப்படியானால் அவர் யார் என்று நாங்கள் எப்படிச் சொல்வது?"

"நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன்."

அவள் என்னை வருத்தத்தோடு பார்த்தாள். அமெரிக்கத் தூதரகத்தைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். தூதரகத்தில் வெள்ளிக்கிழமை பதிவுசெய்த குரல் ஒன்றுதான் கிடைத்தது. மகளுக்கு எடுத்தேன். அவள் வேலையில் இருந்தாள். "ஒரு வோட் அப்பா," என்றாள். "ஒண்டுக்காக இவ்வளவோ?" வாக்கு எண்ணியவனிடம் சொல்லக்கூடாத வசனம் அது. ஒவ்வொன்றாய்த்தான் எண்ணுகிறோம். ஆனால் நான் வாதாடவில்லை. பேருந்தில் வீட்டுக்கு வரும்போது, இந்த ஊரில் என் அப்பாவின் பெயர் யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கு அலுவலகம் மூடும் நேரம் இங்கே இரவாகிவிட்டது. நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

ஞாயிறு ஐந்து மணிக்கு வழக்கம்போல மணி அடித்தது. உறையைப் பிரிக்கவில்லை, ஒதுக்கிவிட்டார்கள் என்றாள். அவள் விரும்பிய ஆள் பெரிய வித்தியாசத்தில் தோற்றிருந்தார். உன் வாக்கால் ஒன்றும் மாறியிராது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அவள் முந்திக்கொண்டாள்.

"தோத்தது எனக்குக் கவலை இல்லை. எண்ணித் தோத்திருக்கலாம்."

பிறகு சொன்னாள்: "நவம்பர்ல போடோணும் எண்டா இப்பவே ஒரு பேரை எடுக்கட்டாம். பதிவையும் அட்டையையும் ஒண்டாக்கோணும். ஒண்டில் அப்பான்ர பேர், ஒண்டில் இவற்ற பேர். நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

நான் விரல்களை மடிக்கத் தொடங்கினேன்.

"என்ன செய்யிறியள்?"

"எண்ணுறன்."

கணக்குச் சுலபம். கணவனின் பெயரில் வீடு, வங்கி, ஓய்வூதியம், அனுமதிப்பத்திரம், காப்புறுதி. அப்பாவின் பெயரில் காலாவதியான கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், வாக்காளர் பதிவு. ஐந்துக்கு மூன்று. பத்து வயதுப் பிள்ளையும் விடை சொல்லும். ஆனால் அப்பாவின் பெயரை எங்கள் வீட்டில் தங்கள் பெயரோடு எழுதிய ஏழு பேரில் இன்னும் கடதாசியில் வைத்திருப்பவர்கள் அவளும் நானும்தான். என் பிள்ளைகளுக்கு என் பெயர் ஒட்டியது, அவர்களின் பிள்ளைகளுக்கு டேனிஷ்காரர் மாதிரி வேறேதோ.

"அவற்ற பேரிலயே பதி," என்றேன்.

"அப்பா கோவிப்பாரோ?"

"அவர் ஒரு தேர்தலும் விட்டதில்லை. காய்ச்சலோட குடையைப் பிடிச்சுக்கொண்டு போனவர். நீ போடாமல் இருந்தால்தான் கோவிப்பார்."

அவள் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பனிக்குணம், சளி என்றாள். அங்கே அப்போது பனிக்குணம் பிடிக்கிற காலநிலை இல்லை.

"அப்ப உங்களோட மட்டும்தான் அப்பா இனி," என்றாள்.

"ஓம்."

அடுத்த ஞாயிறு படிவத்தை அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அனுப்பியதற்குப் பற்றுச்சீட்டு எடுத்தாயா, பிரதி வைத்திருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ஓம் என்றாள்.

"நவம்பர்ல வரிசையில நிக்கேக்க உங்களுக்கு எடுக்கிறன்," என்றாள். "தனிய நிக்க ஒரு மாதிரிக் கிடக்கு. கதைச்சுக்கொண்டு நிக்கலாம்."

"போனை உள்ளுக்குக் கொண்டுபோக விடமாட்டினம். எங்கட மண்டபத்தில நான் விடன்."

"வாசல் மட்டும் கதைப்பம். பிறகு நிப்பாட்டுறன்."

அவர்கள் காலை ஏழுக்குத் திறப்பார்களாம். அதற்குள் இரண்டு நாட்டிலும் மணிக்கூட்டை மாற்றியிருப்பார்கள், ஒரே வாரத்திலல்ல. நான் இரண்டு தரம் கணக்குப் பார்த்து, அப்படியானால் எனக்கு மதியம் இரண்டு என்றேன். இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்றும் சொன்னேன். வேறெங்கே இருக்கப்போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.